படிவம் ஒன்றுக்குப் போகும் பிள்ளையும் புறப்பாடமும்: சுங்கை சிப்புட் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் ஒவ்வோர் ஆண்டும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். மலேசியாவில் 500க்கு மேல் தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் இருக்கின்றன. தமிழ் இடைநிலைப்பள்ளி ஒன்றுகூட இல்லை. ஆறு ஆண்டு தமிழில் படித்த பிள்ளை 13 வயதில் மலாய்மொழிப் பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றுக்குள் நுழைகிறது. முகம் தெரிந்த ஆசிரியர்கள் இல்லை. பக்கத்து லயத்துத் தோழியும் வேறு வகுப்பில் போய்விடுகிறாள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பதால் என்னிடம் பலரும் விவரம் கேட்பார்கள். புத்தகம், டியூஷன், வகுப்பு என்று எல்லாம் கேட்டு முடித்து, கிளம்பும்போதுதான் புறப்பாடம், அதாவது பாடத்துக்கு வெளியே பள்ளியில் நடக்கும் சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு பற்றி ஒரு வார்த்தை கேட்பார்கள். அதை முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளை புதுப் பள்ளியில் காலூன்றுவது பெரும்பாலும் திடலிலும் கழகக் கூட்டத்திலும்தான். அங்கே போக முடியாமல் போவதற்குக் காரணம் பல வீடுகளில் ஒன்றே ஒன்று: மாலையில் திரும்பி வர வண்டி இல்லை. அதனால் அந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

புறப்பாடம் கட்டாயமா? விரும்பினால் சேரலாம் என்றுதானே சொன்னார்கள்?

கட்டாயம். ஒவ்வொரு மாணவரும் மூன்றில் சேர வேண்டும்: ஒரு சீருடை இயக்கம், ஒரு கழகம் அல்லது மன்றம், ஒரு விளையாட்டு. சாரணர், செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் முதலுதவிப் படை, போலீஸ் கேடட், தீயணைப்புக் கேடட், கேடட் ரெமாஜா எல்லாம் முதல் வகை. தமிழ்மொழிக் கழகம், அறிவியல் கழகம், வரலாற்றுக் கழகம் இரண்டாம் வகை. காற்பந்து, வலைப்பந்து, பூப்பந்து, செப்பாக் தக்ரோ போன்றவை மூன்றாவது. எல்லாப் பள்ளியிலும் எல்லாமும் இருக்காது. பொறுப்பெடுக்க ஆசிரியர் இருப்பதைப் பொறுத்துத்தான் இயக்கம் இருக்கும்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான் பிள்ளையின் விருப்பம். சேராமல் இருப்பது விருப்பத்தில் இல்லை.

எந்த நாள், எத்தனை மணி வரை?

பெரும்பாலும் புதன்கிழமை பிற்பகல். விளையாட்டுப் பயிற்சி என்றால் இன்னொரு நாளும் வரலாம். உங்கள் பிள்ளை போகும் பள்ளி இரண்டு நேரப் பள்ளியாக இருந்தால் படிவம் ஒன்று பிற்பகலில் நடக்கும். அப்போது புறப்பாடம் காலையில் வரும். பதிவு நாளன்றே அட்டவணையைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அதை வைத்துத்தான் அடுத்த கேள்வியைத் தீர்க்க முடியும்.

பள்ளி பஸ் பாடம் முடிந்ததும் போய்விடும். தோட்டத்துக்கு வேறு பஸ் கிடையாது. என் பிள்ளை எப்படி வீடு திரும்பும்?

ஒரு காலத்தில் தோட்ட நிர்வாகமே லாரியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டு ஏற்றிக்கொண்டு வந்தது. இப்போது தோட்டங்களில் நம் குடும்பங்கள் குறைந்துவிட்டன. பலர் டவுனைச் சுற்றியுள்ள தாமான் என்ற குடியிருப்புப் பகுதிகளுக்கு வந்துவிட்டார்கள். உள்ளேயே தங்கிவிட்ட குடும்பங்களுக்குத்தான் சிரமம் கூடிவிட்டது. நான்கைந்து வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு வேன் இரண்டு தடவை வராது. வந்தால் கூடுதல் பணம் கேட்பார்கள். கேட்பது நியாயமும்கூட, பெட்ரோல் அவர் கைக்காசு.

வழி இல்லாமல் இல்லை. தனியாக யோசித்தால்தான் வழி தெரியாது.

முதலில் உங்கள் பக்கத்திலிருந்து அதே பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் யார் யார் என்று பாருங்கள். படிவம் ஒன்றில் இரண்டு பேர்தான் இருப்பார்கள். படிவம் ஐந்து வரை சேர்த்தால் எட்டுப் பத்துப் பேர் தேறும். இவர்கள் எல்லோரும் ஒரே நாளில் தங்குவது போல் பார்த்துக்கொண்டால் வேன்காரருக்கும் கட்டுப்படியாகும். மாதக் கட்டணத்தில் புதன்கிழமைக்கு மட்டும் தாமத வண்டி என்று பேசிக்கொள்ளலாம். பேசும்போது நாலு குடும்பமும் ஒன்றாகப் போய் உட்கார்ந்து பேசுங்கள். ஒவ்வொருவராகப் போன் அடித்தால் அவரும் ஒவ்வொரு பதில்தான் சொல்வார்.

வேன் சரிப்படவில்லை என்றால் முறை வைத்துக்கொள்ளலாம். ஒருவரிடம் கார் இருக்கும், இன்னொருவருக்கு மாலை ஷிஃப்ட் இருக்காது. காரோட்டுபவர் தன் நேரத்தைக் கொடுக்க, மற்றவர்கள் எண்ணெய்க்காசைப் பகிர்ந்துகொள்ளலாம். மாதம் ஒருமுறையோ இரண்டு முறையோ உங்கள் முறை வரும். அவ்வளவுதான்.

மூன்றாவது, பள்ளியிடம் பேசுங்கள். புறப்பாடத் துணை முதல்வர் என்று ஒருவர் இருப்பார். நடவடிக்கை எத்தனை மணிக்கு முடியும் என்பது நிச்சயமாகத் தெரிந்தால்தான் வண்டி ஏற்பாடு நிற்கும். நாலு மணி என்று சொல்லிவிட்டு ஐந்து வரை இழுத்தால் எந்த வேன்காரரும் இரண்டாவது வாரம் வரமாட்டார். இதை ஆசிரியரிடம் மரியாதையாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். உள்தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகள் யார் என்றே பல ஆசிரியர்களுக்குத் தெரியாது; ஈப்போவிலிருந்து தினமும் காரில் வந்து போகிறவர்களும் அவர்களில் உண்டு. பிள்ளையின் பெயரோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். “அண்ணன் மோட்டாரில் போய் ஏற்றிக்கொள்வான்” என்று சொல்லிவிட்டு, அந்த அண்ணனுக்கு 15 வயது என்றால் அது ஏற்பாடே இல்லை. மோட்டார்சைக்கிள் லைசென்ஸ் எடுக்க நம் நாட்டில் குறைந்தது 16 வயது ஆக வேண்டும். செம்பனை லாரிகள் ஓடும் சாலையில், மழை பெய்யும் மாலை நேரத்தில், லைசென்ஸ் இல்லாத பையன் பின்னால் தங்கையை ஏற்றிக்கொண்டு வருவதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். பழகக் கூடாது.

இந்த வண்டி ஏற்பாட்டைப் பள்ளி தொடங்கும் முன்பே, ஆண்டு இறுதி விடுமுறையிலேயே முடித்து வையுங்கள். முதல் இரண்டு மாதம் போகாத பிள்ளைக்கு அப்புறம் போகவே கூச்சமாகிவிடும்.

என் மகன் புகுமுக வகுப்புக்குப் போகப் போகிறான். அவனும் சேரலாமா?

தாராளமாக. ஆறாம் ஆண்டில் மலாய்மொழி போதாத தமிழ், சீனப் பள்ளிப் பிள்ளைகள் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்துவிட்டுப் படிவம் ஒன்றுக்குப் போகிறார்கள். இது தண்டனை மாதிரி வீட்டில் பேசப்படுகிறது. உறவினர் முன்னிலையில் சொல்லிக்காட்டுவதும் நடக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். மொழியைப் பலப்படுத்தக் கிடைத்த ஓர் ஆண்டு அது. அந்த ஆண்டில் சாரணரிலோ காற்பந்திலோ சேர்ந்தால் வகுப்பில் ஒரு மணி நேரம் கேட்கும் மலாயைவிட அதிக மலாய் அங்கே காதில் விழும், வாயிலும் வரும்.

என் மகளுக்கு மலாயில் பேசவே தயக்கம். கூட்டத்தில் கொண்டுபோய் விட்டால் இன்னும் ஒதுங்கிவிட மாட்டாளா?

இந்தக் கவலை எனக்குப் புரிகிறது. வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டால் முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும். தப்பானால் சிரிப்பார்களோ என்ற பயம் இருக்கும். அணிவகுப்பில் அந்தத் தொல்லை இல்லை. கட்டளை சின்னது, எல்லோரும் சேர்ந்து செய்வது. முதலுதவிப் பயிற்சியில் கட்டுப்போடக் கை போதும். வலைப்பந்தில் பந்தைக் கேட்க ஒரு சொல் போதும். இப்படி ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும்போது வரும் மொழி புத்தகத்தைப் பார்த்து வருவதில்லை. கூட இருக்கும் மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் தோழிகள் ஆன பிறகு தப்பாகப் பேசுவதில் வெட்கம் போய்விடும்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தெமியார் என்ற ஒராங் அஸ்லி (பூர்வகுடி) மக்களின் கிராமங்களும் இருக்கின்றன. அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்கும் வீட்டு மொழி வேறு, பள்ளி மொழி வேறு. உங்கள் மகள் படும் பாட்டை அவர்களும் படுகிறார்கள். அந்த நட்பு கிடைத்தால் நல்லது.

எந்தச் சீருடை இயக்கம் நல்லது?

எது உயர்ந்தது என்று பார்க்காதீர்கள். அந்தப் பள்ளியில் எது உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். பொறுப்பாசிரியர் அக்கறையாக இருந்து, வாரம் தவறாமல் கூட்டம் நடந்து, ஆண்டுக்கு ஒரு முகாமாவது போகிறார்கள் என்றால் அதுவே நல்ல இயக்கம். மேல் படிவத்தில் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள்.

இருந்தாலும் என் கருத்தைக் கேட்டால், சாரணரும் முதலுதவி இயக்கங்களும் தோட்டப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பொருத்தம். சாரணரில் படிப்படியாகத் தேறிப் போனால் மாமன்னர் சாரணர் என்ற விருது வரை எட்டலாம். பெங்காக்காப் ராஜா என்று எல்லோருக்கும் தெரிந்த அந்த விருதுக்கு நாடு முழுவதும் மதிப்பு உண்டு. ஆனால் அது ஓராண்டில் கிடைப்பதில்லை. கீழ்ப் படிவத்திலேயே தொடங்கியவர்களால்தான் முடியும். செம்பிறையிலும் செயின்ட் ஜானிலும் கற்றுக்கொள்வது வீட்டிலேயே உதவும். காட்டில் வேலை செய்யும் இடத்தில் வெட்டுக்காயம், பாம்புக்கடி எல்லாம் நடக்கும். இரத்தத்தை எப்படி நிறுத்துவது, கடிபட்டவரை அசையவிடாமல் எப்படி மருத்துவமனைக்குக் கொண்டுபோவது என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருப்பது சாதாரண விஷயமில்லை.

போலீஸ் கேடட், தீயணைப்புக் கேடட் இரண்டுக்கும் ஆசைப்படும் பிள்ளைகள் அதிகம். இடம் குறைவாக இருக்கலாம், முதல் வாரத்திலேயே பெயர் கொடுக்கச் சொல்லுங்கள்.

சீருடை, பூட்ஸ், சந்தா என்று செலவு கூடுகிறதே?

கூடத்தான் செய்யும், மறைக்க முடியாது. பள்ளிக் கட்டணம் இல்லை, பாடநூல் இரவலாகக் கிடைக்கிறது. ஆனால் சீருடை இயக்க உடை கைக்காசில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அரசாங்கம் பிள்ளைகளுக்குத் தரும் 150 வெள்ளிப் பள்ளித் தொடக்க உதவித்தொகை பள்ளிச் சட்டை, காலணியிலேயே கரைந்துவிடும்.

படிவம் ஐந்து முடித்த பிள்ளைகளின் சீருடையை வாங்கிக்கொள்ளலாம். பல வீடுகளில் அது அலமாரியில் சும்மா தொங்குகிறது. கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் ஏழை மாணவர் அறநிதிக்குப் பள்ளி வழியாக விண்ணப்பம் செய்யலாம். வகுப்பாசிரியரிடம் நேராகக் கேளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு பிள்ளையைச் சீருடை இல்லாமல் அனுப்பினால் வெட்கம் பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது.

பள்ளியில் தமிழ் வகுப்பே இல்லை என்கிறார்கள். தமிழை விட்டுவிட வேண்டியதுதானா?

விட வேண்டாம். 1996 கல்விச் சட்டப்படி, ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். எனவே பெற்றோர் எழுத்தில் கேட்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் குறைபட்டுக்கொண்டிருந்தால் 15 பேர் கணக்கில் வர மாட்டார்கள். பதிவு நாளன்று நம் பெற்றோர் எல்லோரும் மண்டபத்தில்தான் இருப்பார்கள், ஒரு தாளில் கையெழுத்து வாங்க அதைவிட நல்ல நேரம் இல்லை. சில பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறையால் தாமதமாகும். அப்போதும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி ஒரு பாடம். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வர ஆசைப்படும் பிள்ளை, ஆசிரியர் கல்விக் கழகத்தில் தமிழ்ப்பள்ளிப் பிரிவுக்கு விண்ணப்பிக்க அந்தப் பாடத்தில் நல்ல தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. ஒன்பதாவது, பத்தாவது பாடமாகத் தமிழை எடுப்பதால் மற்ற பாடம் கெடும் என்று சொல்பவர்கள் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்த பிள்ளைக்கு இருக்கும் அடித்தளத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

தமிழ்மொழிக் கழகத்தில் என்ன செய்வார்கள்?

ஆசிரியரும் மாணவர்களும் எப்படி இருக்கிறார்களோ அப்படி. நன்றாக நடக்கும் கழகத்தில் பொங்கல் விழா, பாரதியார் விழா, பேச்சுப்போட்டி, திருக்குறள் ஒப்புவித்தல், சொற்போர், சிறு நாடகம் எல்லாம் உண்டு. பொங்கல் வைக்கும்போது மற்ற இனப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் கொடுப்பார்கள். அது முழுப் பள்ளிக்கும் விழாவாகிவிடும். எழுதும் ஆர்வம் உள்ள பிள்ளைகளுக்கு மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்தும் பேரவைக் கதைகள் சிறுகதைப் போட்டி இருக்கிறது. மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் போட்டியில் வட்டார அளவிலிருந்தே கலந்துகொள்ளலாம்.

கழகம் பெயருக்கு மட்டும் இருக்கிறது என்றால் பெற்றோர் உதவலாம். பழைய மாணவர் ஒருவர் போய்ச் சொற்போருக்குப் பயிற்சி கொடுத்தாலே போதும், அந்த ஆண்டு கழகம் எழுந்துவிடும். முதல்வரின் அனுமதி முதலில் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் மூன்றிலும் நம் பிள்ளைகள் இருக்கும் இடமாகப் பார்த்துச் சேர்க்கலாமா?

வேண்டாம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். கழகம் தமிழாக இருக்கட்டும். சீருடை இயக்கமும் விளையாட்டும் எல்லோரும் கலந்திருக்கும் இடமாக இருக்கட்டும். தமிழ்ப் பிள்ளைகள் ஒரு மேசையில் மட்டும் உட்கார்ந்து ஐந்து ஆண்டும் போய்விட்டால், வேலைக்குப் போகும் முதல் நாள்தான் மற்றவர்களோடு பழகத் தொடங்க வேண்டியிருக்கும். அதற்கு 18 வயது வரை காத்திருக்கத் தேவையில்லை.

மகன் நன்றாக ஓடுகிறான். எங்கே போய்ச் சொல்வது?

உடற்கல்வி ஆசிரியரிடம். பள்ளியில் எல்லா மாணவர்களும் ஓடி, தாண்டி, எறிந்து தங்கள் விளையாட்டு இல்லத்துக்குப் புள்ளி சேர்க்கும் சுக்கான்தாரா நடக்கும். அன்றைக்கு மட்டம் போடாமல் ஓடினால் ஆசிரியர் கண்ணில் படுவான். அப்புறம் பள்ளி விளையாட்டுப் போட்டி, அதில் தேறினால் கோலகங்சார் மாவட்டப் பள்ளிகள் போட்டி, அடுத்து பேராக் மாநிலம், கடைசியில் தேசியப் பள்ளிகள் போட்டி. திறமை நன்றாகத் தெரிந்தால் விளையாட்டுப் பள்ளிகளுக்கும் தேர்வாகலாம்.

திடல்தடப் போட்டியில் வயதுப் பிரிவு 15க்குக் கீழ், 18க்குக் கீழ் என்று போகும். படிவம் ஒன்றில் இருக்கும் 13 வயதுப் பையன் 15 வயதுப் பையன்களோடு ஓடுவான். முதல் ஆண்டு கடைசியில் வந்தால் “உனக்கு இது சரிவராது” என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே பிரிவில் அவன்தான் மூத்தவன்.

ஓட்டக்காரர்களை வளர்த்த நாடு இது. எம். ஜெகதீசன் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கினார். அதே போட்டியில் எம். ராஜாமணி பெண்களுக்கான 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். பிள்ளைகளுக்கு இவர்களின் பெயரைச் சொல்லிக்கொடுங்கள்.

பெண் பிள்ளையை மாலை வரை விடப் பயமாக இருக்கிறது. முகாமுக்கு இரவு தங்க வேண்டுமாமே?

பயம் நியாயமானது. அதற்காகத் தடுத்துவிடாமல் கேள்வி கேளுங்கள். முகாமுக்கு முன் பள்ளி அனுமதிக் கடிதம் அனுப்பும். அதில் இடம், நாள், பொறுப்பாசிரியர் எல்லாம் இருக்க வேண்டும். பெண் ஆசிரியர் இரவு தங்குகிறாரா, பெண்களுக்குத் தனி இடமா, அவசரத்துக்கு யாரை அழைப்பது, ஆற்றில் இறங்குவார்களா என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அனுப்ப வேண்டாம். அது உங்கள் உரிமை. திருப்தியாக இருந்தால் அனுப்புங்கள். அண்ணனை அனுப்பிவிட்டுத் தங்கையை மட்டும் நிறுத்தும் வீடுகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. கூடாரம் கட்டி, விறகடுப்பில் சோறு பொங்கி, இரவுக் காவல் இருந்துவிட்டு வரும் பெண் பிள்ளையின் நடையே மாறியிருக்கும்.

மாலை நேரத்துக்கு என்ன செய்வது என்றால், மேலே சொன்ன வண்டி ஏற்பாடுதான். வண்டி வரும் வரை பள்ளி வாசலுக்குள்ளேயே நிற்க வேண்டும் என்பதைப் பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

மதிப்பெண் உண்டாமே? உண்மையில் எவ்வளவு உதவும்?

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கும் அதற்கு முந்தைய மெட்ரிகுலேஷன் வகுப்புக்கும் ஆள் எடுக்கும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவு, 10 விழுக்காடு புறப்பாடம். பத்துதானே என்று நினைக்கலாம். ஒரே மாதிரி தேர்ச்சி பெற்ற ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே இடத்துக்கு விண்ணப்பம் போடும்போது அந்தப் பத்துக்குள்தான் ஆளைப் பிரிக்கிறார்கள்.

இந்தப் புள்ளி பிஏஜேஎஸ்கே என்ற மதிப்பீட்டு முறையில் ஒவ்வோர் ஆண்டும் பதிவாகிறது. வருகை, வகித்த பதவி, பங்கெடுத்த போட்டியின் நிலை, வெற்றி, செய்த சேவை எல்லாம் கணக்கில் வரும். இதில் பணமோ திறமையோ இல்லாமலே முழுதாக வாங்கக்கூடியது வருகைதான். தோட்டத்துப் பிள்ளைகள் இழப்பதும் அதைத்தான், வண்டி இல்லாததால்.

சான்றிதழ்களை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வெளியில் நடந்த போட்டியில் பரிசு வாங்கினால் நகலெடுத்துப் பொறுப்பாசிரியரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எது கணக்கில் வரும் என்று அவர் சொல்வார். ஆண்டு முடிந்த பிறகு கொண்டுபோனால் பதிவு செய்வது கஷ்டம்.

படிப்பு கெட்டுவிடாதா? டியூஷன் இருக்கிறதே.

வாரத்தில் ஒரு பிற்பகலில் படிப்பு கெடாது. தினமும் இரவு பன்னிரண்டு வரை கைப்பேசியில் இருந்தால் கெடும். டியூஷன் நேரம் புதன்கிழமை வந்தால் டியூஷன் ஆசிரியரிடம் மாற்றிக் கேளுங்கள். நம் ஊரில் அவர்களுக்கும் இது தெரிந்த விஷயம்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மாநில அளவில் விளையாடும் பிள்ளைக்கும் சொற்போர்க் குழுவில் இருக்கும் பிள்ளைக்கும் சில வாரங்கள் பாடம் தவறும். அப்போது விட்ட பாடத்தைத் தோழர்களின் குறிப்பைப் பார்த்து அதே வாரத்தில் எழுதிவிட வேண்டும். எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய்மொழியிலும் வரலாற்றிலும் கட்டாயம் தேர்ச்சி வேண்டும். அந்த இரண்டில் பின்தங்க விடாதீர்கள்.

வரலாற்றுக் கழகத்தில் சேர்ந்தால் என்ன பயன்? எல்லாம் மனப்பாடம்தானே?

நம் ஊர்ப் பிள்ளைக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை அது நீடித்தது. ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் வாழ்ந்த ஊரும் இதுதான். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அவர் முயற்சியால் உருவானது. உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிக்கு அந்தச் சங்கத்தில் பங்கு இருந்திருக்கலாம். பிள்ளை அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினால் அதுவே நல்ல கழகப் பணி. அந்தத் தலைமுறை குறைந்துகொண்டே போகிறது, சீக்கிரம் கேட்கச் சொல்லுங்கள்.

கெட்ட சகவாசம் வந்துவிடுமோ என்று பயம். பள்ளி முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டால் நல்லதில்லையா?

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அப்பா அம்மா இரண்டு பேரும் தொழிற்சாலையில் மாலை வரை வேலை என்றால், ஒன்றரை மணிக்கு வீடு திரும்பும் பையன் ஆறு மணி வரை யாரோடு இருக்கிறான்? கும்பல் என்று சொல்லிக்கொண்டு திரியும் ஆட்கள் பையன்களைப் பிடிப்பது அந்த நேரத்தில்தான். 13, 14 வயதில் ஒரு பையனுக்கு ஏதாவது ஒரு கூட்டத்தில் இடம் வேண்டும். தன் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு குழு வேண்டும். காற்பந்துக் குழுவோ சாரணர் படையோ அதைக் கொடுக்காவிட்டால் வேறு யாராவது கொடுப்பார்கள்.

திடலிலும் கெட்ட பழக்கம் வரலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஓர் ஆசிரியர் இருக்கிறார். அவர் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர் தலைவராக அழைத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லலாமா? மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம்.

ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். கேலி ஒரு மாதம் இருக்கும்.

படிவம் நான்கில் வேறு இயக்கத்துக்கு மாறலாமா?

முடியும், பள்ளியின் அனுமதியோடு. ஆனால் பதவியும் விருதும் ஒரே இடத்தில் தொடர்ந்து இருந்தவர்களுக்குத்தான் வரும். பிடிக்கவே இல்லை என்றால் படிவம் இரண்டு தொடங்கும்போது மாறுவது நல்லது.

பிள்ளை இப்போதே படிவம் மூன்று. இதுவரை எதிலும் ஒழுங்காகப் போகவில்லை. இனிமேல் சேர்த்துப் பயன் உண்டா?

உண்டு. இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்கிறது. பெயர் ஏதோ ஒன்றில் ஏற்கெனவே இருக்கும். வகுப்பாசிரியரிடம் கேட்டு எதில் என்று தெரிந்துகொண்டு, அந்தப் பொறுப்பாசிரியரைப் பிள்ளையோடு போய்ப் பாருங்கள். இதுவரை ஏன் வரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். வண்டிதான் காரணம் என்றால் அதையும் சொல்லுங்கள். அடுத்த புதன்கிழமைக்கு யார் ஏற்றிக்கொண்டு வருவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.